தீவுகளின் கணக்கும் 'ஆர்' நிரல்மொழியும்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மக்கள் தொகை 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 3,56,152 ஆகவும், 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 3,80,581 ஆகவும் பதிவாயிற்று. பத்தாண்டு வளர்ச்சி 6.86 சதவிகிதம். அதற்கு முந்திய பத்தாண்டில் வளர்ச்சி 26.90 சதவிகிதமாக இருந்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஓர் அலுவலர், குடியேற்றம் தணிந்து, குடும்ப நலத் திட்டமும் வேரூன்றி, தீவுகளின் மக்கள் தொகை ஒரு நிதானத்துக்கு வந்துவிட்டது என்று குறிப்பு எழுதிவிடக் கூடும். அந்தக் குறிப்பில் கணக்குப் பிழை எதுவும் இராது. ஆயினும், அந்த ஒற்றை எண்ணுக்குள் மூன்று மாவட்டங்களின் மூன்று வேறு வரலாறுகள் அடங்கியுள்ளன என்பதும், அவற்றுள் ஒன்று 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் நேர்ந்த ஆழிப்பேரலையின் வரலாறு என்பதும் அக்குறிப்பில் வெளிப்படாமலே போய்விடும்.

இதைப் பிரித்துக் காண்பதற்குப் பெருஞ்செலவுள்ள கருவிகள் தேவையில்லை. மூன்று வரிகள் கொண்ட ஓர் அட்டவணையும், அதைக் கையாளத் தெரிந்த ஒரு மென்பொருளும் போதுமானவை. புள்ளிவிவர ஆய்வுக்கென்றே உருவாக்கப்பட்ட 'ஆர்' என்னும் நிரல்மொழியைப் புதிதாகக் கற்கத் தொடங்கும் மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் இத்தீவுகளின் கணக்குகளைவிடச் சிறந்த பயிற்சிப் பொருள் கிடைப்பது அரிது. இங்குள்ள எண்கள் சிறியவை. காகிதத்திலும் பென்சிலாலும் சரிபார்த்துக் கொள்ளலாம். ஆனால் உத்தரப் பிரதேசத்தின் கணக்கிலோ தமிழ்நாட்டின் கணக்கிலோ எதிர்ப்படக்கூடிய இடர்ப்பாடுகளில் பெரும்பாலானவை இந்தச் சிறிய கணக்கிலும் உண்டு.

மொழியின் பிறப்பு

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் சேம்பர்ஸ் முதலியோர் 1976-ஆம் ஆண்டு முதல் வளர்த்துவந்த 'எஸ்' என்ற மொழியே இதற்கு முன்னோடி. நியூசிலாந்து நாட்டின் ஆக்லாந்து பல்கலைக் கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் ஆகிய இரு ஆசிரியர்கள் 1990-களின் தொடக்கத்தில், அதைத் தழுவிப் புதியதொரு மொழியை அமைத்தனர். இருவர் பெயரும் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குவதால் அதுவே மொழியின் பெயராயிற்று. 1995-இல் அது யாவரும் இலவசமாகப் பயன்படுத்தவும், மாற்றியமைக்கவும், பிறருக்கு வழங்கவும் உரிமை தரும் பொது உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. முதல் முழுமையான பதிப்பு 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் வெளிவந்தது. உலகெங்குமுள்ள ஆய்வாளர்கள் எழுதிச் சேர்த்த துணைத் தொகுப்புகளின் எண்ணிக்கை இன்று இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. தொடங்குவோருக்கு இவற்றுள் ஒன்றுகூடத் தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எஸ்.பி.எஸ்.எஸ்., சாஸ், ஸ்டேட்டா போன்ற மென்பொருள்கள் தரத்தில் குறைந்தவை அல்ல. ஆனால் உரிமக் கட்டணம் உண்டு. பைத்தான் இலவசமானது, புள்ளியியலுக்கு அப்பாலும் பயன்படுவது. எதைத் தேர்ந்தெடுப்பது என்ற விவாதத்தில் மாதக் கணக்கில் காலத்தைச் செலவிடுவதைவிட ஒன்றைத் தொடங்கிவிடுவது மேல்.

தீவுகளைப் பொறுத்தவரை 'ஆர்' மொழிக்கு மற்றொரு வசதியும் உண்டு. ஒருமுறை கணிப்பொறியில் நிறுவிவிட்டால், பிறகு இணையத் தொடர்பு இன்றியே இயங்கும். சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு இடப்பட்ட கண்ணாடி இழை வடம் 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் நாள்தான் இயங்கத் தொடங்கியது. அதற்கு முன்பு தீவுகளின் தொலைத்தொடர்பு செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. வடம் எட்டாத தீவுகள் இன்றும் பல. விண்டோஸ் கணிப்பொறிக்கான 'ஆர்' நிறுவல் கோப்பு நூறு மெகாபைட்டுக்கும் குறைவானது. பென் டிரைவில் எடுத்துச் சென்றால் கப்பல் போகும் எந்தத் தீவிலும் நிறுவிக் கொள்ளலாம். துணைத் தொகுப்புகளையும் அவ்வாறே கோப்பாகக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். அலுவலகக் கணிப்பொறியாயின், நிறுவுவதற்கு முன் உரிய அனுமதி பெறுவது முறையாகும்.

எழுதிவைத்த கணக்கு

நம் அலுவலகங்களில் எக்செல் போன்ற விரிதாள்கள் நன்கு பழகியவை. இருக்கும்போது நிரல் எழுதக் கற்பானேன் என்ற கேள்வி பயிற்சி வகுப்புகளில் தவறாமல் எழுகிறது. அதற்கு விடையாகப் பொருளாதார மாணவர் அனைவரும் அறிய வேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு.

ஹார்வர்ட் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாப் ஆகிய இருவர் 2010-இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், அரசின் கடன் நாட்டின் மொத்த உற்பத்தியில் 90 சதவிகிதத்தைத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி சுழியத்துக்கும் கீழே, அதாவது மைனஸ் 0.1 சதவிகிதம் எனக் கண்டிருந்தனர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அரசுச் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதிட்டோர் இதைப் பெரிதும் எடுத்துக் காட்டினர். மாசசூசெட்ஸ் பல்கலைக் கழகத்தில் பட்ட மேற்படிப்பு மாணவராக இருந்த தாமஸ் ஹெர்ண்டன், இக்கணக்கைப் பயிற்சிக்காகத் திரும்பச் செய்து பார்த்தார், விடை ஒத்துவரவில்லை. ஆசிரியர்களிடமிருந்து விரிதாளை வரவழைத்துப் பார்த்தபோது, சராசரி எடுக்கும் கட்டங்களின் வரம்பில் ஐந்து நாடுகளின் வரிசைகள் விடுபட்டிருந்தது தெரியவந்தது. வேறு சில ஆண்டுகள் சேர்க்கப்படவில்லை என்பதும், நாடுகளுக்கு எடை தந்த முறை பொருத்தமற்றது என்பதும் அவருடைய பிற கண்டனங்கள். அவரும் அவருடைய ஆசிரியர்கள் இருவரும் 2013-இல் வெளியிட்ட திருத்தத்தின்படி, அச்சராசரி 2.2 சதவிகிதமாகும். விரிதாள் பிழையை மூல ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டனர். தங்கள் பொதுவான முடிவை விட்டுக்கொடுக்கவில்லை.

இதில் விரிதாளின் குற்றம் என்ன? கட்டத்தில் எண் தெரிகிறது. அந்த எண் வந்த வழி தெரிவதில்லை. ஒவ்வொரு கட்டத்தையும் சொடுக்கிப் பார்த்தால்தான் சூத்திரம் புலனாகும். நிரலில் நிலைமை வேறு. எந்தக் கோப்பைத் திறந்தோம், எந்த வரிகளை நீக்கினோம், எந்த எண்ணை எதனால் வகுத்தோம் என்பதெல்லாம் மேலிருந்து கீழாக வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். கோப்பில் அலுவலகக் குறிப்பு எழுதுவதைப் போன்றதே இது. இரண்டு மூன்று ஆண்டுகளில் அலுவலர் பெருநிலத்துக்கு மாற்றலாகிச் செல்வது இயல்பாகிவிட்ட தீவுகளில், அடுத்து வருபவர் கையில் விடை மட்டும் எஞ்சினால் போதாது; விடை வந்த வழியும் எஞ்ச வேண்டும். நிரல்மொழியைக் கற்பதற்கு வேறு எத்தனையோ காரணங்கள் கூறப்படினும், அரசு அலுவலகத்தைப் பொறுத்தவரை இதுவே தலையாயது என்பது என் கருத்து.

முதல் அட்டவணை

இனித் தொடங்கலாம். ஆணைச் சொற்களை இங்கே ஒலிபெயர்த்துத் தருகிறோம். கணிப்பொறியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில், பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு பிறழாமல் அடிக்க வேண்டும். ஒரே சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கினால் 'ஆர்' அதை வேறொரு சொல்லாகக் கொள்ளும். முதல் நாளில் வரும் பிழைச் செய்திகளில் பாதிக்குமேல் இதனால் வருபவையே.

மூன்று மாவட்டங்களின் மக்கள் தொகை பின்வருமாறு:

நிக்கோபார்: 2001-இல் 42,068, 2011-இல் 36,842
வடக்கு மற்றும் மத்திய அந்தமான்: 2001-இல் 1,05,613, 2011-இல் 1,05,597
தெற்கு அந்தமான்: 2001-இல் 2,08,471, 2011-இல் 2,38,142

2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அந்தமான், நிக்கோபார் என இரண்டே மாவட்டங்கள் இருந்தன. 2006-ஆம் ஆண்டு ஆகஸ்டில்தான் அந்தமான் மாவட்டம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஆகவே, மேலே 2001-க்குத் தரப்பட்டவை புதிய எல்லைகளுக்கேற்பப் பின்னர் திருத்தி வகுக்கப்பட்ட எண்கள். 2001-இல் அச்சான பழைய நூலிலிருந்து எண்ணை எடுத்து 2011-உடன் ஒப்பிட்டால் ஒரு மாவட்டம் பெரிதும் குறைந்துவிட்டதாகத் தோன்றும். காலத்தை ஒப்பிடுமுன் எல்லையை ஒப்பிட வேண்டும் என்ற பாடத்தை எந்த மென்பொருளும் தானாகச் சொல்லித் தராது.

இந்த அட்டவணையை, மாவட்டக் குறியீடு, பெயர், 2001, 2011 என்ற தலைப்புகளுடன் காற்புள்ளி பிரித்த கோப்பாகச் சேமித்து, 'ரீட் சி.எஸ்.வி.' என்ற ஆணையால் திறக்கிறோம். கிடைக்கும் அட்டவணைக்கு ஒரு பெயர் இட வேண்டும். 'சிறியது' என்ற கணிதக் குறியும் ஒரு சிறு கோடும் சேர்ந்து உண்டாகும் அம்புக்குறியே 'ஆர்' மொழியில் பெயரிடும் குறி. அடுத்ததாக 'எஸ்.டி.ஆர்.' என்ற ஆணையை இட்டால், எந்தெந்தப் பத்தி எண்ணாகவும், எந்தெந்தப் பத்தி எழுத்தாகவும் ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது எனத் திரையில் காட்டும். இந்த ஆணையைத் தவிர்த்துவிட்டு மேற்செல்லலாகாது. ஏனெனில், நம் நாட்டு வழக்கப்படி 2,38,142 என்று காற்புள்ளியுடன் உள்ளதை 'ஆர்' எண்ணாக ஏற்பதில்லை; எழுத்துத் தொடராகவே கொள்ளும். 'ஜிசப்' என்ற ஆணையால் காற்புள்ளிகளை நீக்கி, 'ஆஸ் நியூமெரிக்' என்ற ஆணையால் எண்ணாக்கிக் கொள்ள வேண்டும். 2020-இல் வெளிவந்த நான்காம் பதிப்புக்கு முன்னர் இதிலும் ஓர் இடர் இருந்தது: எழுத்துகள் வகைப்பாட்டுக் குறியாக மாற்றப்பட்டு, எண்ணாக்கும்போது 1, 2, 3 என்ற வரிசை எண்களாகிவிடும், பிழைச் செய்தியும் வராது. பழைய கணிப்பொறிகளில் பழைய பதிப்பு இருக்கக்கூடுமாதலால் இதைக் குறிப்பிட நேர்ந்தது.

இதற்கு நேர்மாறான இடரும் உண்டு. குறியீடுகளை எண்ணாக ஏற்கவிடலாகாது. 01 என்ற மாநிலக் குறியீடு எண்ணாகிவிட்டால் 1 ஆகிவிடும். பிறகு அது எந்தப் பட்டியலோடும் பொருந்தாது.

சராசரியின் சராசரி

பத்தாண்டு வளர்ச்சியைக் காண, 2011-இன் பத்தியிலிருந்து 2001-இன் பத்தியைக் கழித்து, 2001-இன் பத்தியால் வகுத்து நூறால் பெருக்குகிறோம். மாவட்டம் மாவட்டமாகச் செய்ய வேண்டியதில்லை. பத்தி முழுவதற்கும் ஒரே வரி. மூன்று மாவட்டமாயினும் அறுநூற்று நாற்பது மாவட்டமாயினும் அதே வரிதான். விடை: நிக்கோபார் மைனஸ் 12.42, வடக்கு மற்றும் மத்திய அந்தமான் மைனஸ் 0.02; தெற்கு அந்தமான் 14.23.

ஒரு மாவட்டம் தன் மக்களில் எட்டில் ஒரு பங்கினரை இழந்திருக்கிறது. ஒன்று பதினாறு பேர் குறைந்து நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஒன்று நல்ல வேகத்தில் வளர்ந்திருக்கிறது. 6.86 என்ற எண் இந்த மூன்றில் எதையும் குறிக்கவில்லை.

இப்போது 'மீன்' என்ற சராசரி ஆணையை இம்மூன்று விகிதங்களின் மீது இட்டுப் பார்க்கவும். 0.60 என்று விடை வரும். யூனியன் பிரதேசத்தின் வளர்ச்சியோ 6.86. கணிப்பொறி தவறு செய்யவில்லை, கேட்டதைச் சொன்னது. நாற்பத்திரண்டாயிரம் பேர் வாழ்ந்த மாவட்டத்துக்கும் இரண்டு லட்சம் பேர் வாழ்ந்த மாவட்டத்துக்கும் சமமான எடை தந்ததால் வந்த விடை இது. 2001-ஆம் ஆண்டு மக்கள் தொகையை எடையாகக் கொடுத்து 'வெயிட்டட் மீன்' என்ற ஆணையை இட்டால் 6.86 சரியாக வந்துவிடும். மாவட்ட எழுத்தறிவு விகிதங்களைக் கூட்டி மாவட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்து மாநிலச் சராசரி எனப் போடும் அறிக்கைகள் இன்றும் கண்ணில் படுகின்றன. ரைன்ஹார்ட், ரோகாப் கணக்கில் ஹெர்ண்டன் எழுப்பிய எடைப் பிரச்சினையும் இந்த இனத்தைச் சேர்ந்ததே.

இதே அட்டவணையில் ஆண், பெண் தொகைகளையும் சேர்த்தால் மேலும் ஒன்று புலப்படும். யூனியன் பிரதேசத்தில் ஆயிரம் ஆண்களுக்கு 2001-இல் 846 பெண்கள், 2011-இல் 876. முன்னேற்றம் என்று எழுதத் தூண்டும் எண் இது. நிக்கோபார் மாவட்டத்தில் மட்டும் 2001-இல் ஆண்கள் 22,653, பெண்கள் 19,415. 2011-இல் ஆண்கள் 20,727, பெண்கள் 16,115. அதாவது, ஆயிரம் ஆண்களுக்கு 857 ஆக இருந்த பெண்கள் 777 ஆகக் குறைந்தனர். மாவட்டத்தின் மொத்தக் குறைவு 5,226. அதில் பெண்கள் 3,300 பேர். 2001-இல் மக்கள் தொகையில் 46 சதவிகிதமாக இருந்த பெண்கள், பத்தாண்டுக் குறைவில் 63 சதவிகிதமாக இருக்கின்றனர்.

இதற்குக் காரணம் யாது? ஆழிப்பேரலையில் பெண்கள் மிகுதியாக மாண்டனர் என்று உடனே முடிவு கட்டத் தோன்றும். அதற்கு ஆதாரமான செய்திகள் பிற இடங்களிலிருந்து உண்டு: இந்தோனேசியாவின் அச்சே பகுதியிலும் நம் கடலூர் மாவட்டத்திலும் இறந்தோரில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் என ஆக்ஸ்பாம் அமைப்பு 2005-இல் வெளியிட்ட குறிப்பு காட்டியது. எனினும் நிக்கோபாரில் வேறு காரணங்களும் கலந்திருக்கக் கூடும். வீடுகளையும் படகுத் துறைகளையும் மீண்டும் கட்டுவதற்குப் பெருநிலத்திலிருந்து தொழிலாளர் வந்தனர். அத்தகையோரில் ஆண்களே மிகுதி. குடியேறியிருந்த குடும்பங்கள் சில தீவை விட்டு வெளியேறியிருக்கலாம். நிக்கோபாரிப் பழங்குடியினர் தொகை யூனியன் பிரதேசம் முழுவதிலும் 28,653-லிருந்து 27,168 ஆகத்தான் குறைந்தது. இந்த 1,485, மாவட்டக் குறைவில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. ஆனால் பத்தாண்டுகளில் பிறந்த குழந்தைகள் இறந்தவர்களின் எண்ணிக்கையை ஓரளவு மறைத்துவிடுவார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. வயதுவாரி அட்டவணையைத் தீவு வாரியாகப் பிரித்துப் பார்த்தால்தான் இக்காரணங்களைத் தனித்தனியே எடைபோட முடியும். மக்கள் தொகை ஏறக்குறையப் பாதியாகிவிட்ட கச்சால் தீவில் தொடங்குவது பொருத்தம். கர்ப்பிணிகளுக்கான ஊட்டச்சத்து, பெண் சுகாதாரப் பணியாளர் நியமனம், பள்ளி மாணவியர் விடுதி ஆகியவற்றுக்கான ஒதுக்கீடு யூனியன் பிரதேசச் சராசரியை வைத்து முடிவாகிறதா, நிக்கோபாரின் எண்ணை வைத்து முடிவாகிறதா என்பதைப் பொறுத்து இரு வேறு விளைவுகள் உண்டாகும்.

பெயர் மாறும் ஊர்கள்

ஒரு துறையின் அட்டவணையை மற்றொரு துறையின் அட்டவணையோடு இணைப்பது ஆய்வில் அடிக்கடி செய்ய வேண்டிய வேலை. இதற்கு 'மெர்ஜ்' என்ற ஆணை உள்ளது. இரண்டிலும் பொதுவாக உள்ள ஒரு பத்தியைக் கொண்டு வரிகளைப் பொருத்தும். பெயரைக் கொண்டு பொருத்தினால் தீவுகளில் தொல்லை உறுதி. ஹேவ்லாக் தீவு 2018-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் சுவராஜ் தீவு ஆயிற்று. அன்றே நீல் தீவு ஷஹீத் தீவாகவும், ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவாகவும் பெயர் மாறின. போர்ட் பிளேர் 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் ஆயிற்று. பெயர் மாறாத இடங்களிலும் எழுத்து மாறும்: ஒரு பட்டியலில் நிக்கோபார், மற்றொன்றில் நிக்கோபார்ஸ்.

'மெர்ஜ்' ஆணை, பொருந்தாத வரிகளை ஓசையின்றி விட்டுவிடும். எச்சரிக்கை எதுவும் தராது. அவ்வாறு நிக்கோபார் வரி விடுபட்டது என்று கொள்வோம். மீதமுள்ள இரு மாவட்டங்களைக் கூட்டினால் 3,14,084 என்பது 3,43,739 ஆகி, பத்தாண்டு வளர்ச்சி 9.44 சதவிகிதம் எனக் கிடைக்கும். பார்த்தால் நம்பத்தகுந்த எண்தான். ஆனால் எந்த மாவட்டத்தைப் பற்றி முதலில் கவலைப்பட வேண்டுமோ அந்த மாவட்டமே கணக்கில் இல்லை.

இதற்குப் பரிகாரம் இரண்டு. முதலாவது, பெயரை விட்டுக் குறியீட்டைக் கொண்டு இணைப்பது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் யூனியன் பிரதேசத்தின் குறியீடு 35. நிக்கோபார் 638, வடக்கு மற்றும் மத்திய அந்தமான் 639, தெற்கு அந்தமான் 640. நாட்டின் மாவட்ட வரிசையில் கடைசி எண் அதுவே. இரண்டாவது, இணைப்பதற்கு முன்னும் பின்னும் 'என்ரோ' என்ற ஆணையால் வரிகளை எண்ணி, குறைந்திருந்தால் நிறுத்திவிடுவது. 'ஸ்டாப் இஃப் நாட்' என்ற ஆணையை நிரலிலேயே எழுதிவைத்தால், வரி குறையும்போது நிரல் தானே நின்றுவிடும். காசாளர் மாலையில் இருப்பை எண்ணிப் பார்ப்பது போன்ற பழக்கம் இது.

எண்ணமுடியாத எண்

வட சென்டினல் தீவில் வாழும் சென்டினலியரின் தொகை 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 39, 2011-இல் 15. 'ஆர்' மொழியில் வளர்ச்சி விகிதம் கேட்டால், மைனஸ் 61.5 எனத் தயங்காமல் சொல்லும். இது பொருளற்ற எண். அத்தீவில் யாரும் இறங்கி வீடு வீடாகச் சென்று எண்ணவில்லை. இறங்குவதற்கு அனுமதியும் இல்லை. அம்மக்களின் நலன் கருதி அது சரியான முடிவேயாகும். தூரத்தில் படகில் இருந்தபடி கண்ணுக்குத் தென்பட்டவர்களை எண்ணியதே அக்கணக்கு. இரண்டு முறை கண்ணுக்குப் பட்டவர்களின் வேறுபாட்டை மக்கள் தொகையின் வீழ்ச்சியாக எழுதுவது பிழையாகும். ஓங்கேயர் 96-லிருந்து 101 ஆயினர் என்பது வேறு வகை எண். அவர்கள் நேரில் எண்ணப்பட்டவர்கள். ஆனால் அங்கும் ஐந்து பேரின் மாற்றத்தைச் சதவிகிதத்தில் கூறுவது வாசகரை ஏய்ப்பதற்கே உதவும். நூறு பேர் உள்ள சமுதாயத்துக்கு ஆள் எண்ணிக்கையையே சொல்ல வேண்டும்.

அறியப்படாத மதிப்பைக் குறிக்க 'ஆர்' மொழியில் 'என்.ஏ.' என்றொரு தனிக்குறி உண்டு. அது சுழியம் அன்று, வெற்றிடமும் அன்று, 'இருக்கிறது, ஆனால் தெரியாது' என்பதன் குறி. அதனோடு எந்த எண்ணைக் கூட்டினாலும் விடை 'என்.ஏ.' என்றே வரும். ஆறு பழங்குடிகளின் பட்டியலில் ஒன்றுக்கு 'என்.ஏ.' இட்டு 'மீன்' கேட்டால், 'ஆர்' விடை தர மறுத்து 'என்.ஏ.' என்றே சொல்லும். தெரியாததை விட்டுவிட்டுக் கணக்கிடு என்று நாம் வெளிப்படையாக எழுதினால்தான் எண் கிடைக்கும். புதியவர்களுக்கு இது எரிச்சலூட்டும். என்னளவில் இம்மொழியின் மிக நேர்மையான பண்பு இதுவே. தெரியாததைச் சுழியம் என நிரப்பி அனுப்பும் மாதாந்திர அறிக்கைகளைப் பார்த்துப் பழகியவர்கள் இதன் அருமையை உணர்வர். நோயாளி எவரும் வராத மாதமும், படகு போகாததால் பதிவேடு வந்து சேராத மாதமும் ஒன்றல்ல.

மாதிரி ஆய்வுகளைக் கையாளும்போது இக்கவனம் இன்னும் கூடுதலாகத் தேவை. 1950-இல் தொடங்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின் அறிக்கைகளில், எந்தெந்தப் பகுதிகள் ஆய்வில் சேர்ந்தன என்ற பத்தியைப் படித்தால், இந்திய நாடு முழுவதும், அந்தமான் நிக்கோபார் தீவுகளில் சென்றடைய அரிதான கிராமங்கள் நீங்கலாக, என்ற கருத்தில் ஒரு வாக்கியம் இருக்கக் காணலாம். பலர் படிக்காமல் தாண்டிச் செல்லும் வாக்கியம் அது. குடும்பச் செலவு பற்றிய தனிநபர் பதிவுகளை மத்திய புள்ளிவிவர அமைச்சகம் இணையத்தில் இலவசமாகவே வழங்குகிறது. 'ஆர்' மொழியில் அவற்றைத் திறந்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிய எடையைப் பெருக்கித் தீவுகளின் சராசரிச் செலவை ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம். அவ்வாறு எடுத்த சராசரி, சென்றடைய முடிந்த கிராமங்களின் சராசரி. சாலையும் படகுத் துறையும் இல்லாத கிராமங்கள் அதில் இல்லை. அவற்றுக்குத்தான் சாலையும் படகுத் துறையும் வேண்டும். நிரலின் முதல் வரியில், கணிப்பொறி படிக்காமல் விட்டுவிடும் குறிப்பாக, எண் குறியிட்டு இதை எழுதி வைப்பது நல்லது. அட்டவணையை நகல் எடுப்பவர் அடிக்குறிப்பை விட்டுவிடுவார். நிரலை நகல் எடுப்பவர் முதல் வரியை விடுவது கடினம்.

அடுத்த கணக்கெடுப்புக்கு முன்

படம் வரைதலையும் தொடக்கத்திலேயே பழகிக்கொள்ளலாம். தீவுகளின் தொகை 1941-இல் 33,768, 1951-இல் 30,971, பின்னர் முறையே 63,548, 1,15,133, 1,88,741, 2,80,661, 3,56,152, 3,80,581. இவற்றை 'பிளாட்' என்ற ஆணையால் வரைந்தால், கோடு 2001 வரை செங்குத்தாக ஏறுவது போலத் தோன்றும். செங்குத்து அச்சை மடக்கை அளவில் அமைக்கும்படி அதே ஆணையில் ஒரு சொல்லைச் சேர்த்தால் படமே மாறிவிடும்: ஜப்பானியர் ஆட்சிக் காலம் அடங்கிய பத்தாண்டில் ஒரு சரிவு, கிழக்கு வங்காள அகதிகளின் குடியேற்றம் நிகழ்ந்த 1951-61-இல் ஒரு பாய்ச்சல், அதன் பின் ஒவ்வொரு பத்தாண்டிலும் தணிந்துகொண்டே வரும் வேகம். முதல் படம் எத்தனை பேர் கூடினர் என்பதையும், இரண்டாவது எத்தனை மடங்கு கூடினர் என்பதையும் காட்டும். குடிநீருக்கும் பள்ளிக்கும் திட்டமிடுவோருக்கு முதலாவது வேண்டும்; போக்கை ஆராய்வோருக்கு இரண்டாவது வேண்டும்.

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு ஒத்திவைக்கப்பட்டது. 2027-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் நாளை நாட்டின் பெரும்பகுதிக்கு ஆதார நாளாகக் கொண்ட கணக்கெடுப்புக்கான அறிவிக்கை 2025-ஆம் ஆண்டு ஜூனில் வெளியாயிற்று. அதன் எண்கள் வரும்போது, மேலே கூறிய மூன்று வரி அட்டவணையில் ஒரு பத்தியைச் சேர்த்து, அதே நிரலை மீண்டும் ஓட்டினால் போதும்; வளர்ச்சியும், எடையிட்ட சராசரியும், ஆண் பெண் விகிதமும் நொடியில் வந்துவிடும். ஆனால் ஓட்டுமுன் செய்ய வேண்டியவை சில உண்டு. மாவட்டக் குறியீடுகள் 638, 639, 640 என்றே உள்ளனவா, மாறிவிட்டனவா என்று பார்க்க வேண்டும். எல்லைகள் மாறியிருந்தால் பழைய எண்களைத் திருத்தி வகுத்த அட்டவணை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். வட சென்டினலுக்கு எந்த எண் தரப்பட்டாலும், அது எப்படி எண்ணப்பட்டது என்ற குறிப்பைத் தேடிப் படித்த பின்னரே அதை அட்டவணையில் இட வேண்டும். குறிப்பு கிடைக்கவில்லையாயின் அந்தக் கட்டத்தில் 'என்.ஏ.' என்றே இருக்கட்டும்.